ஒழிந்தோர்

2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் பழைய குரல்களின் ஆல்பம் ஒன்று வெளிவந்தது. 1965இலிருந்து 1969வரை, வாஷிங்டன் நகரத்தில், இரண்டு பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பாடிப் பார்த்த பாட்டுகள் அதில் இருக்கின்றன. கச்சேரிக்காகப் பாடியவை அல்ல. எந்தச் சுருதி யாருக்குப் பொருந்தும், எந்த அடியை யார் எடுப்பது, இரண்டாவது குரல் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று தேடிக்கொண்டிருந்தபோது டேப்பில் பதிந்தவை. ஒருவர் ஹேஸல் டிக்கன்ஸ், மற்றவர் ஆலிஸ் ஜெரார்ட். ஆல்பம் வந்தபோது ஹேஸல் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. டேப்புகளை அரை நூற்றாண்டாக வைத்திருந்த ஆலிஸ் எண்பதைக் கடந்திருந்தார்.

அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடித்தமானவை. ஆனால் அவற்றைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே ஓடுகிறது. ஹேஸலிடம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாரா? ஒரு பாடகி ஊருக்குக் கொடுப்பதற்கென்று பழகி எடுத்த குரல் வேறு, தோழி முன்னால் மட்டும் எடுத்த குரல் வேறு. இரண்டாவது குரலைத் திறந்து காட்ட உயிரோடு இருப்பவளுக்கு என்ன உரிமை? அவளுக்கு இருப்பது உரிமைதானா, அல்லது கடனா?

என் பீரோவில் 41 கேசட்டுகள் இருக்கின்றன. அதனால் இது எனக்கு இசை ரசனை சார்ந்த கேள்வியாக மட்டும் இல்லை. கேசட்டுகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வகுப்பறைகளில் அமெரிக்க நாட்டார் பாட்டு என்றால் பாப் டிலனோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஹேஸல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், பதினொரு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சுரங்கங்களுக்கு மரம் ஏற்றிச் சென்று பிழைத்தவர், பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகர். அந்தச் சபையில் வாத்தியங்களுக்கு இடம் கிடையாது, வெறும் தொண்டையால்தான் பாட வேண்டும். 1950களின் தொடக்கத்தில் பிழைப்புத் தேடி பால்டிமோர் நகரத்துக்கு வந்தார். ஆலை வேலை, உணவகத்தில் பரிமாறும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். அவருடைய சகோதரர் ஒருவர் காசநோய் மருத்துவமனையில் இருந்தார். ராணுவத்தில் சேர மனசாட்சிப்படி மறுத்து, அதற்கு மாற்றாக அந்த மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் மைக் சீகர் என்ற இளம் இசைஞர். அவர் வழியாக ஹேஸல், நகரத்துப் படித்த இளைஞர்கள் நாட்டார் பாட்டுகளைத் தேடித் தேடிப் பாடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்.

ஆலிஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1934இல் சியாட்டிலில் பிறந்து, ஓஹையோவின் ஆன்டியாக் கல்லூரியில் படித்தவர். மலைநாட்டுப் பாட்டுகள் கல்லூரி நாட்களில்தான் அவருக்கு அறிமுகமாயின. ஹேஸலுக்கு அவை அப்பாவின் தொண்டையிலிருந்து வந்தவை, ஆலிஸுக்கு இசைத்தட்டிலிருந்து. 1964இல் ஆலிஸின் கணவர் ஜெரமி ஃபாஸ்டர் கார் விபத்தில் இறந்தார். நான்கு குழந்தைகள். அடுத்த ஆண்டு, 1965இல், ஹேஸலும் ஆலிஸும் பாடிய முதல் ஆல்பம் ஃபோக்வேஸ் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது.

அவர்கள் பாடிய இசைக்கு ப்ளூகிராஸ் என்று பெயர். அது எப்படிப்பட்ட உலகம் என்பதைக் குழுக்களின் பெயர்களே சொல்லிவிடும். பில் மன்றோவின் குழு ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’. ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் இருவரின் குழு ‘ஃபாகி மவுன்டன் பாய்ஸ்’. ஸ்டான்லி சகோதரர்களின் குழு ‘கிளிஞ்ச் மவுன்டன் பாய்ஸ்’. எங்கு பார்த்தாலும் பையன்கள். பெண்கள் அறவே இல்லாமல் இல்லை, 1940களில் மன்றோவின் குழுவிலேயே சாலி ஆன் ஃபாரெஸ்டர் அக்கார்டியன் வாசித்திருக்கிறார். ஆனால் இரண்டு பெண்கள் முன்னால் நின்று, அந்த உச்சஸ்தாயியில், ஆண் குரல்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட அந்த இடத்தில் பாடியது புதிது. 1960களின் பிற்பகுதியில் ஆன் ரொமேனும் பெர்னிஸ் ஜான்சன் ரேகனும் சேர்ந்து கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒரே மேடையில் ஏற்றித் தென்மாநிலங்கள் முழுக்கச் சுற்றியபோது இவர்களும் அந்தப் பயணத்தில் போனார்கள்.

1973இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய ஆல்பத்தில் அருகருகே வைத்துக் கேட்க வேண்டிய இரண்டு பாட்டுகள் உண்டு. ஆலிஸ் எழுதியது, ஆணின் விருப்பத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலத் தன்னை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்ணின் பாட்டு. ஹேஸல் எழுதியது மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றியது. அவளை இழிவாகப் பேசும் ஆணிடம், அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்ததில் உன் கையும் உண்டு என்று அந்தப் பாட்டு சொல்கிறது. முதல் பாட்டு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது, இரண்டாவது வீட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவளுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து. ஒரே பெண்ணியம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான். பதிவில் இரண்டையும் இருவரும் சேர்ந்து நின்று தாங்கியிருக்கிறார்கள்.

ஹேஸலைப் பற்றி எழுதியவர்கள் அவர் குரலைக் கரடுமுரடானது, பண்படாதது, உண்மையானது என்று திரும்பத் திரும்பப் புகழ்ந்திருக்கிறார்கள். இந்தப் புகழ்ச்சியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நம் ஊரிலும் இதையேதான் சொல்வோம். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடும் பெண்ணை ‘மண்ணின் குரல்’ என்போம். மண் எதையாவது யோசித்துக் கட்டுமா? அவள் இரவெல்லாம் கிடந்து ஓர் அடியைத் திருத்தியிருப்பாள் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை. படித்தவள் எழுதினால் கவிதை, படிக்காதவள் கட்டினால் அது தானாக ஊறியது. 2018இன் அந்த டேப்புகள் இந்த எண்ணத்தை உடைக்கின்றன. தேடாமல் வந்த குரலாக இருந்தால் ஒத்திகை எதற்கு? இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றை வெளியிட்டது சரி என்று எனக்குப் படுகிறது. தோழியின் வேலையை வேலை என்று காட்டியிருக்கிறார் ஆலிஸ்.

1976இல் இருவரும் சேர்ந்து பாடுவது நின்றது. பின்னாளில் அவ்வப்போது ஒரே மேடையில் பாடினார்கள் என்றாலும் வழிகள் வேறாகிவிட்டன. ஹேஸல் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டுக்காரி ஆனார். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து இறந்த தன் சகோதரர் தர்மனுக்காக அவர் கட்டிய பாட்டு, தொழிற்சங்க மேடைகளின் பாட்டானது. கென்டக்கி சுரங்க வேலைநிறுத்தம் பற்றி பார்பரா கோப்பிள் எடுத்து 1976இல் வெளிவந்த ‘ஹார்லன் கவுன்டி, யுஎஸ்ஏ’ ஆவணப்படத்தில் அவர் குரல் ஒலிக்கிறது. ஆலிஸ் கிராமத்து முதிய கலைஞர்களைத் தேடிப் போனார். பழைய இசைக்கென்று 1987இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். ஹேஸல் 2011 ஏப்ரலில் இறந்தார். ப்ளூகிராஸ் உலகம் தன் உயரிய கௌரவப் பட்டியலில் இருவர் பெயரையும் சேர்த்தது 2017இல். அதைப் பெற்றுக்கொள்ள ஒருவர்தான் இருந்தார்.

இணையில் ஒருவர் போன பிறகு எஞ்சியவருக்கு வழக்கமாக இரண்டு வேலைகளைக் கொடுத்துவிடுவோம். ஒன்று, சமாதிக் காவல். அந்தக் காலம்போல் இனி வராது, இப்போது வருவதெல்லாம் பாட்டா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, இறந்தவரின் சார்பாகப் பேசும் வேலை. அவர் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார் என்று விழாதோறும் சொல்ல வேண்டும். நம் இலக்கிய உலகத்தில் இந்த இரண்டு வேலைகளுக்கும் ஆள் குறைவில்லை.

ஆலிஸ் இரண்டையும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2014இல், எண்பதாவது வயதில், புதிய ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தயாரித்தவர் எம்.சி. டெய்லர், ஆலிஸின் பிள்ளைகளைவிட இளையவராக இருக்கக்கூடிய ஒரு புதிய தலைமுறை இசைஞர். அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2023இல் இன்னொரு ஆல்பம். நடுவில், ஹேஸலோடு பாடிய பாட்டுகளை இளம் பெண்களோடு சேர்ந்து மேடையில் பாடினார். ஹேஸலின் இடத்தில் இன்னொரு தொண்டை. இது துரோகமா? ஜோடிக் குரல் என்பதே ஒருவரின் மூச்சுக்கு மற்றவர் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. இடம் காலியானபின் அதைக் காலியாகவே வைத்துப் பூட்டுவதில் ஒரு விசுவாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டிய பாட்டைப் பத்து வருடம் யாரும் பாடாவிட்டால் அது செத்துப்போகும். அப்போது தோழி இரண்டாம் முறை இறக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தமிழாசிரியரின் தொழில் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். புறத்திணையியலில் காஞ்சித் திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. இறந்தவரை எண்ணி, இருப்பவர் புலம்புவது. அங்கே இருப்பவர்களைக் குறிக்கும் சொல், ஒழிந்தோர். இன்றைய தமிழில் ‘ஒழிந்தான்’ என்றால் தொலைந்தான் என்று அர்த்தம். பழந்தமிழில் ஒழிதல் என்பது எஞ்சி நிற்றலும்கூட. போனவர் ஒழிந்தவரல்ல, போகாமல் நின்றவர்தான் ஒழிந்தவர். வகுப்பில் இதைச் சொல்லும்போது, குடும்பத்தில் யாரையேனும் அண்மையில் இழந்த மாணவி தலை நிமிர்ந்து பார்ப்பாள். அவளுக்கு உரை எதுவும் தேவைப்படுவதில்லை.

கையறுநிலையில் யார் யாருக்காகப் புலம்புகிறார்கள்? ஔவை அதியமானுக்காக. பாரிமகளிர் தந்தைக்காக. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடனிருக்க விரும்பிய பொத்தியாரை, மகன் பிறந்தபின் வா என்று அவன் திருப்பி அனுப்புகிறான். அவர் போய், மகன் பிறந்தபின் திரும்பி வந்து, நடுகல்லான நண்பனிடம் தனக்குரிய இடம் எது என்று கேட்கிறார். இரண்டு ஆண்களின் நட்பை இதைவிட உருக்கமாகச் சொன்ன பாட்டை நான் படித்ததில்லை. மனைவியை இழந்து, இன்னும் உயிரோடு இருக்கிறேனே என்று வெட்கப்படும் சேர அரசனின் பாட்டுகூடப் புறநானூற்றில் இருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை இழந்து பாடிய பாட்டு மட்டும் அங்கே இல்லை.

பெண்ணுக்குப் பெண் துணை என்பது அகத்தில் இருக்கிறது. தோழி. சங்கப் பாடல்களில் தலைவியைவிட நன்றாகப் பேசுபவள் அவள்தான். தலைவி வாயால் சொல்லக்கூடாததையெல்லாம் தோழி சொல்வாள். அன்னையிடம் உண்மையை உடைப்பாள், தலைவனைக் கடிந்துகொள்வாள், வரைந்துகொள் என்று நெருக்குவாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. வளர்த்தவளின் மகள் வளர்க்கப்பட்டவளுக்காகப் பேசுகிறாள். உழைக்கும் வீட்டிலிருந்து வந்தவள் உடைமையுள்ள வீட்டுப் பெண்ணின் வாயாக இருக்கிறாள். தோழிக்கென்று ஒரு காதல், ஒரு கணவன், ஒரு சாவு எதையும் கவிகள் எழுதவில்லை. தலைவி இறந்தால் தோழி என்ன பாடுவாள் என்று இலக்கணமும் கேட்கவில்லை.

ஹேஸலும் ஆலிஸும் இந்த வரிசையைப் புரட்டிப் போடுகிறார்கள். அங்கே படித்தவள் எஞ்சுகிறாள், படிக்க வாய்ப்பில்லாமல் ஆலைக்குப் போனவள் முதலில் போய்விடுகிறாள். டேப் படித்தவளின் வீட்டில் இருக்கிறது. நாட்டார் வழக்காற்றியல் என்ற நம் துறையின் நிலையும் பெரும்பாலும் இதுதான். பாடியவர் போய்விடுகிறார், பதிவு செய்தவரிடம் குரல் இருக்கிறது. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆலிஸ் கூடவே பாடியவர். நான் பாடியவள் அல்ல, பொத்தானை அழுத்தியவள்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2003இல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒப்பாரிகளைப் பதிவு செய்தேன். சாவு இல்லாத நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது. அதனால் களத்துமேட்டிலும் புளியமரத்தடியிலும்தான் பதிவுகள் நடந்தன. அவற்றில் ஆறு கேசட்டுகள் ஒரே பெண்ணுடையவை. ஊரில் எல்லோருக்கும் அவர் ஆயா. நடவாளாக வாழ்ந்தவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவர் வந்து உட்கார்ந்தால்தான் அழுகை பிடிக்கும் என்பார்கள். 2016இல் இறந்தார். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானுடவியலாளர் நம் ஒப்பாரிகளைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். பெண்கள் சாவு வீட்டில் அழுவது தங்கள் சொந்தத் துயரை என்பது அவர் வாதம். முழுக்க ஏற்க முடியாவிட்டாலும் ஆயாவின் கேசட்டுகளைக் கேட்டால் அதைத் தள்ளிவிடவும் முடியாது. யாருடைய அண்ணனோ செத்ததற்குப் போன இடத்தில், பிறந்த வீட்டார் தனக்கு எழுதி வைத்த 40 சென்ட் நிலத்தைக் கைநாட்டு வாங்கி விற்றுவிட்ட மகனைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு அடிகள் பாடியிருக்கிறார். பெயர் சொல்லி. சாபத்தோடு.

2021இல் ‘என்ஜாயி எஞ்சாமி’ வந்து ஊரெல்லாம் கேட்டபின் என் மாணவிகளுக்குப் பாட்டிகளின் மீது திடீர் அன்பு பிறந்தது. கேலி செய்யவில்லை, நல்ல விஷயம்தான். அந்தப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று நடந்த சர்ச்சையும் அவர்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. சொந்தமாக இசையமைக்கும் மாணவி ஒருத்தி, ஆயாவின் குரலை எடுத்துத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கலாமா என்று கேட்டாள். நான் மட்டும் முடிவு செய்யக்கூடிய காரியம் அல்ல என்று சொல்லி, ஆயாவின் பேத்தியிடம் அழைத்துப் போனேன். பேத்தி செவிலியர் வேலையில் இருக்கிறாள். முழுக்கக் கேட்டாள். ஓரிடத்தில் ஆயா இருமுவார். அதை வெட்டிவிடாதீங்க மிஸ் என்றாள். பிறகு, அந்தப் பன்னிரண்டு அடிகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அது அவளுடைய அப்பாவைப் பற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நிகழ்த்திக் காட்டிய கலைஞருக்கு அந்த நிகழ்வின் மீது 50 ஆண்டுகள் உரிமை உண்டு. அவர் இறந்தால் அது வாரிசுக்குப் போகும். ஆயாவுக்கு ஒரே மகன். ஆக, பாட்டில் குற்றம் சாட்டப்பட்டவரே பாட்டின் உரிமையாளர். நிலத்தை வாங்கிக்கொண்டவர் நிலம் போன பாட்டையும் வாங்கிக்கொள்கிறார். அம்மா வாழ்நாளில் எங்கும் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் இன்னொருவர் வீட்டுச் சாவு. அந்த இடத்தையும் ரத்த உறவு வந்து திருத்தும் என்றால், பெண்ணின் சொல்லுக்கு ரத்த வழி வாரிசு சரியான வாரிசுதானா என்று நாம் கேட்டாக வேண்டும்.

கேசட்டில் இன்னொரு குரலும் இருக்கிறது. ஒப்பாரியில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒருவர் எடுக்க மற்றவர் தொடுப்பார். ஆயா மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த இரண்டாவது குரல் உள்ளே வந்து பாட்டைக் கீழே விழாமல் பிடிக்கும். பல்கலைக்கழகம் கொடுத்த தகவல் படிவத்தில் ‘பாடியவர்’ என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. இரண்டாவது குரலுக்கு உரியவரை ஊரில் சின்னாயா என்பார்கள். எழுபதைத் தாண்டியவர். இன்னும் சாவுகளுக்குப் போகிறார். சாதிசனம் இல்லை, உறவும் இல்லை. நாற்பது வருடம் ஆயாவோடு ஒரே வரப்பில் நடவு நட்டவர், அவ்வளவுதான். சட்டத்தில் அந்த உறவுக்குப் பெயர் கிடையாது.

அவரிடம் போனோம். மாணவி முதலில் தன் பாட்டைப் போட்டுக் காட்டினாள். பறையும் ஏதோ மின்னணுத் தாளமும் கலந்து ஆயாவின் குரலைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருந்தாள். சின்னாயா செல்போனைக் காதோடு வைத்துக் கேட்டார். இந்தக் காலத்துப் பாட்டு பாட்டே இல்லை என்று சொல்லப் போகிறார் என்று மாணவி பயந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னது வேறு.

“கொட்டு நல்லாத்தாம்மா கீது. ஆனா அவ மூச்சு உட எடமே இல்லியே. அவ மூச்சு உட்டாத்தான நான் வர முடியும்?”

மாணவி குறித்துக்கொண்டாள். பிறகு நான் அந்தப் பன்னிரண்டு அடிகளைப் போட்டேன். பேத்தி கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். சின்னாயா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

“அது அவ பாட்டு இல்லம்மா. நான் கட்டினது. பெத்தவ வாயால புள்ளைக்கு மண்ணு தூத்துவாளா? அவளுக்கு வரல. ராவெல்லாம் அழுதா. நான் நெனச்சு நெனச்சுக் கட்டி, நாத்துப் புடுங்கும்போது அவளுக்கு எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறந்தான் பாடினா.”

தலைவியால் சொல்ல முடியாததைச் சொல்பவள் தோழி என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அதைச் செய்த ஒருத்தியை நேரில் பார்த்தது அன்றுதான். நடவாளின் சாபம் இன்னொரு நடவாளால் யோசித்து, திருத்தி, கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. மண் பாடவில்லை. அப்படியானால் அந்த அடிகளுக்கு மகன் எப்படி வாரிசாவார்? கட்டியவர் உயிரோடு இதோ உட்கார்ந்திருக்கிறார். போடலாமா என்று கேட்டேன்.

“போடு, வாணாங்கல. எம் பேரையும் போடு. ஆனா இப்ப வாணாம். எம் மருமவ அவங்கிட்டதான் சித்தாளு வேலைக்குப் போறா. அவன்தான் மேஸ்திரி. நான் போயிட்ட பின்னால போடு.”

படிப்பவர்களில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். உண்மையைச் சொல்ல ஏன் சாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று என் மாணவியே பேருந்தில் கேட்டாள். சாகிறவருக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, இருப்பவருக்கு ஒரு நாள் கூலி இருக்கிறது என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான். ஹேஸல் சுரங்க முதலாளிகளைப் பெயர் சொல்லாமலே பாடினாலும் எல்லோருக்கும் யாரென்று தெரியும், அவர் பின்னால் சங்கம் நின்றது. சித்தாளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? இறந்தவளுக்குச் செலுத்த வேண்டிய கடனை உயிரோடு இருப்பவளின் சோற்றிலிருந்து எடுத்துச் செலுத்த எனக்கு மனம் வரவில்லை. பேத்தி கேட்டதற்காக அந்த அடிகளை அழிக்கவும் மாட்டேன். கேசட்டின் அட்டையில் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எந்த அடிகள் யார் கட்டியவை என்று சின்னாயா சொல்லச் சொல்ல எழுதிய தாளும் உள்ளே இருக்கிறது. எனக்குப் பின் அந்தக் கேசட்டுகள் யாரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதிவைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மாணவி பாட்டைத் திருத்தி எடுத்து வந்தாள். சாபம் இல்லாத வேறொரு பகுதி. இருமல் இருக்கிறது. ஆயாவின் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் தாளத்தை நிறுத்தி வெறுமனே விட்டிருந்தாள். சின்னாயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். முதல் இடைவெளி சும்மா போனது. இரண்டாவது இடைவெளியில் சின்னாயாவின் உதடு அசைந்தது. மூன்றாவதில் அவர் குரல் வந்தது. மெல்லத்தான், வீட்டுக்குள் கேட்காத அளவுக்கு. ஆயா எடுத்தார், சின்னாயா தொடுத்தார். நான்கு முறை, ஐந்து முறை. மாணவி தன் இன்னொரு போனில் பதிவு செய்யலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் சின்னாயாவைக் காட்டினேன், அவரிடம் கேள் என்று. அவள் கேட்பதற்குள் சின்னாயாவே கையை நீட்டினார்.

“வெளக்கு வெக்கிற நேரமாச்சு. அதை நிறுத்தும்மா. நாளைக்குக் களத்துமேட்டுக்கு வா.”